வருடத்துக்கு 630 வெள்ளி வாடகை: ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் கடற்பாலம் தாண்டிய தண்ணீரும்

ஜொகூர் கடற்பாலத்தில் பஸ்ஸில் போயிருக்கீங்களா? நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது சன்னல் வழியாகப் பாருங்க. சாலையை ஒட்டியே பெரிய பெரிய தண்ணீர்க் குழாய்கள் கூடவே வரும். ஜொகூரின் தண்ணீர் அந்தப் பக்கம் சிங்கப்பூருக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு சுத்தம் செய்யப்பட்டு, விலை போட்டு, இந்தப் பக்கம் திரும்பி வருகிறது.

இதை யார் ஆரம்பித்தது என்று கேட்டால் பலருக்கு 1960-களின் அரசியல் தலைவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் கதை அதற்கும் முன்னால், 1927-இல் தொடங்குகிறது. அப்போது மலேசியா என்ற நாடும் கிடையாது, சிங்கப்பூர் என்ற நாடும் கிடையாது. ஒப்பந்தத்தில் இருந்தது இரண்டே தரப்பு. ஒன்று, சிங்கப்பூரின் நகராட்சி ஆணையர்கள். அதாவது குப்பை அள்ளுவதையும் சாக்கடை கட்டுவதையும் பார்த்துக்கொண்ட அதே நகராட்சி. இன்னொன்று, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம்.

யார் இந்த சுல்தான் இப்ராஹிம்?

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2024-இல் மலேசியாவின் மாமன்னராகப் பதவியேற்ற சுல்தான் இப்ராஹிமின் கொள்ளுத் தாத்தா இவர். 1873 செப்டம்பர் 17-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். அப்பா அபு பக்கார், ஜொகூர் பாருவை ஒரு நகரமாக வளர்த்தவர், 1895-இல் லண்டனில் இறந்துபோனார். 21 வயதில் இப்ராஹிம் ஆட்சிக்கு வந்தார். 1959-இல் இறக்கும் வரை சுல்தானாகவே இருந்தார். கிட்டத்தட்ட 64 வருடங்கள்!

புலி வேட்டைக்குப் பேர் போனவர். ஜொகூர் பாருவின் மிருகக்காட்சிச் சாலை 1928-இல் இவர் காலத்தில் திறக்கப்பட்டதுதான். ஐரோப்பாவுக்கு அடிக்கடி போவார், ஆடம்பரமாகச் செலவு செய்வார் என்று பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு இவர்மேல் எப்போதும் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது.

அவர் அப்பா விட்டுப்போன ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும். 1895-இல் ஜொகூருக்கு எழுத்து வடிவில் ஓர் அரசமைப்புச் சட்டம் வந்தது. நாட்டையோ அதன் ஒரு பகுதியையோ ஐரோப்பிய அரசு எதற்கும் சுல்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அதில் எழுதப்பட்டிருந்தது.

எழுத்தில் இருந்தது அப்படி. நடந்தது வேறு. 1914-இல் பிரிட்டன் தன் பொது ஆலோசகரை ஜொகூருக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது. பேருக்குத்தான் ஆலோசகர். சமயத்தையும் மலாய் வழக்கங்களையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல் கேட்க வேண்டியிருந்தது. மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷ் பிடிக்குள் முழுசாக வந்த கடைசி மாநிலம் ஜொகூர்.

ஊர் பராமரிப்பு எப்படி இருந்தது?

இப்ராஹிம் காலத்தில்தான் ரப்பர் வந்தது, ரயில் வந்தது, காடு தோட்டமாக மாறியது. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஜொகூருக்கு வந்ததும் அப்போதுதான். ஜொகூர் பாருவின் ராஜமாரியம்மன் கோயில் 1911-இல் எழுந்தது.

சிறு நகரங்களைக் கவனிக்க டவுன் போர்டுகள் இருந்தன. ஜொகூருக்கென்று தனியாக ஒரு டவுன் போர்டு சட்டமே இருந்தது. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்துதான் அது ரத்தானது. மார்க்கெட், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என எல்லாம் டவுன் போர்டு பொறுப்பு. மலாயா முழுக்கத் தெருக்கூட்டுவது, சாக்கடை அள்ளுவது போன்ற வேலைகளில் தமிழர்கள் நிறைய பேர் இருந்தார்கள். தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்க, சொந்தத்தில் ஒருத்தராவது இருந்திருப்பார்.

ஆனால் டவுன் போர்டின் எல்லை தோட்டத்துக்குள் வராது. தோட்டம் தனியார் நிலம். லயத்தில் இருந்த நம்ம ஆட்களுக்குத் தண்ணீரா, கழிப்பறையா, எல்லாம் நிர்வாகம் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. கிணறும் ஆறும்தான் அங்கே குழாய்.

சிங்கப்பூருக்கு ஏன் ஜொகூர் தண்ணீர்?

அந்தப் பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. சிங்கப்பூரின் மக்கள்தொகை 4 லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கல்லாங் ஆற்றை மறித்து 1912-இல் ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள், போதவில்லை. சிலேத்தாரில் 1920-இல் இன்னொன்று. அதுவும் எத்தனை நாளைக்கு? தீவில் பெரிய ஆறு இல்லை.

1924 ஜூன் 28-இல் கடற்பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 1 கிலோமீட்டரை விடக் கொஞ்சம் நீளம். ரயிலும் காரும் போகலாம். ரயில் போகிற இடத்தில் குழாயும் போகலாம் இல்லையா?

நகராட்சியின் கண் பட்ட இடம் குனோங் பூலாய். ஜொகூர் பாருவுக்கு வடமேற்கே, சுமார் 650 மீட்டர் உயரத்தில், காடும் ஓடையுமாக இருக்கும் மலை. 1927 டிசம்பர் 5-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதில் இருந்தது இதுதான். குனோங் பூலாயில் 2,100 ஏக்கர் நிலம் சிங்கப்பூர் நகராட்சிக்குக் குத்தகை. ஏக்கருக்கு வருடம் 30 காசு வாடகை. எடுக்கும் தண்ணீருக்குத் தனியாக விலை கிடையாது. அணை, குழாய், சுத்திகரிப்பு எல்லாம் நகராட்சியின் செலவு. பதிலுக்கு, ஜொகூர் கேட்டால் ஒரு நாளைக்கு 800,000 கேலன் வரை சுத்தம் செய்த தண்ணீரை வாங்கிக்கொள்ளலாம். 1,000 கேலனுக்கு 25 காசு.

கால்குலேட்டரை எடுங்க.

2,100 ஏக்கர், 30 காசு. மொத்த வருட வாடகை 630 வெள்ளி. இப்போது திருப்பிப் போடுங்க. 800,000 கேலனையும் ஜொகூர் வாங்கினால் ஒரு நாள் பில் 200 வெள்ளி. அதாவது, சிங்கப்பூர் ஒரு வருடம் முழுக்கக் கொடுக்கும் வாடகையை ஜொகூர் நான்காவது நாளிலேயே தாண்டிவிடும்!

ஏமாந்துவிட்டாரா சுல்தான்?

அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 1927-இல் நின்று பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். மலையில் கொட்டும் தண்ணீர் எப்படியும் கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜொகூர் பாரு அன்று சின்ன ஊர். அணையும் சுத்திகரிப்பு நிலையமும் சொந்தமாகக் கட்டுவது அந்த ஊருக்குப் பெரிய செலவு. இன்னொருவர் செலவில் அவை கட்டப்பட்டு, வடிகட்டிய நல்ல தண்ணீர் கேட்டவுடன் கிடைக்கும் என்றால்? காலராவும் டைஃபாய்டும் ஊர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. நிலமும் குத்தகைதான், விற்பனை இல்லை. அப்பாவின் அரசமைப்புச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது சின்ன விஷயமில்லை. கூடவே, பக்கத்து நாற்காலியில் பிரிட்டிஷ் ஆலோசகர் இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். மேசையின் இரண்டு பக்கமும் ஒரே சாம்ராஜ்யத்தின் ஆட்கள்!

என்னைக் கேட்டால் பெரிய இழப்பு அந்த 30 காசில் இல்லை. பச்சைத் தண்ணீரை மலிவாகக் கொடுத்து, சுத்தம் செய்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் அங்கே உருவானது, அதில்தான் இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொழில் நுட்பமும், அதைத் தெரிந்த பொறியாளர்களும், பில் போடும் உரிமையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் வளர்ந்தன. வாடகை பிறகு ஏறியது. வழக்கம் மாறவில்லை.

1930-களின் தொடக்கத்தில் குனோங் பூலாய் தண்ணீர் கடற்பாலம் தாண்டியது.

குழாய் அறுந்த நாள்

1935-இல் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழா. சுல்தான் இப்ராஹிம் 500,000 பவுண்ட் பரிசு கொடுத்தார். (630 வெள்ளி வாடகையை வாங்கிக்கொண்டிருந்த அதே மாநிலத்தின் சுல்தான்தான்.) சிங்கப்பூரின் கிழக்கே சாங்கியில் நிறுவப்பட்ட ராட்சத பீரங்கிகளுக்கு அந்தப் பணம் பயன்பட்டது. அந்த இடத்துக்கு ஜொகூர் பேட்டரி என்றே பெயர்.

எதிரி கடல் வழியாக வருவான் என்று அந்தப் பீரங்கிகளை வைத்தார்கள். ஜப்பானியப் படை ஜொகூர் வழியாகத் தரையில் வந்தது. 1942 ஜனவரி 31-இல், பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் கடற்பாலத்தைத் தாங்களே வெடி வைத்து உடைத்தன. பாலத்தோடு தண்ணீர்க் குழாயும் போனது. அகதிகளால் நிரம்பி வழிந்த தீவுக்கு இனி உள்ளூர் நீர்த்தேக்கங்கள் மட்டும்தான். சுல்தானின் புக்கிட் செரேனே அரண்மனையில் ஜப்பானியத் தளபதி யமாஷித்தா உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர்த் தாக்குதலை நடத்தினார். குண்டுவீச்சில் நகரத்தின் குழாய்கள் கிழிந்து தண்ணீர் வீணாய் ஓடியது. பிப்ரவரி 15-இல் பிரிட்டன் சரணடைந்ததற்கு இருந்த காரணங்களில் தண்ணீரும் ஒன்று.

அதற்குப் பிறகு

போருக்குப் பின் வந்த காலத்தில் இப்ராஹிமுக்கு வயதாகிவிட்டது. பெரும்பாலும் லண்டனில்தான் இருந்தார். 1957-இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது முதல் மாமன்னர் பதவி அவருக்குப் போகவில்லை, அவர் அதை விரும்பவும் இல்லை. 1959 மே 8-இல் லண்டனில் இறந்தார். வயது 85. உடல் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவரப்பட்டு மஹ்மூடியா அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் இறந்து 2 வருடத்தில், 1961-இல், பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதியது வந்தது. 1962-இல் இன்னொன்று. அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். பச்சைத் தண்ணீர் 1,000 கேலனுக்கு 3 காசு, சுத்தம் செய்த தண்ணீரை ஜொகூர் திரும்ப வாங்கினால் 50 காசு. எண்கள்தான் புதுசு, அமைப்பு 1927-இல் பார்த்த அதே அமைப்பு. செய்திகளில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் அவ்வப்போது பேசுகிற விலை இதுதான். இந்த ஒப்பந்தம் 2061 வரை ஓடும்.

1961-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31-இல் முடிந்தது. குனோங் பூலாய், ஸ்கூடாய் சுத்திகரிப்பு நிலையங்களையும், பொந்தியான், தெப்ராவ் நீரேற்று நிலையங்களையும் சிங்கப்பூர் இலவசமாக ஜொகூரிடம் ஒப்படைத்தது. சுல்தான் இப்ராஹிம் குத்தகைக்குக் கொடுத்த மலை ஜொகூருக்குத் திரும்பி வர 84 வருடங்கள் பிடித்தன.