வண்ண வேதியியல் அறிஞர் கே. வெங்கடராமன்

மலர்களுக்கு மஞ்சள் நிறம் தரும் சேர்மங்களுள் ஃபிளேவோன்களும் அடங்கும். செடி ஆக்கும் அச்சேர்மங்களை ஆய்வகத்திலும் ஆக்கலாம் என்பதற்கு எளிய வழி கண்டவர்களுள் ஒருவர் கே. வெங்கடராமன்.

1901ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவர், மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்றார். அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குச் சென்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இராபர்ட் இராபின்சனிடம் அங்கு ஆய்வுப் பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பியபின் லாகூரில் ஃபோர்மன் கிறித்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

அங்கு, மகால் என்பாருடன் இணைந்து ஒரு வினையைக் கண்டறிந்து 1933இல் வெளியிட்டார். கீட்டோனை ஒட்டிய கார்பனிலுள்ள ஹைட்ரஜன் ஒப்பளவில் எளிதில் நீங்கக்கூடியது. சோடமைடு போன்ற வலிமைமிக்க காரம் அதனைத் தேர்ந்து நீக்குகிறது. எதிர்மின்சுமை பெற்ற அக்கார்பன், அருகில் ஆக்சிஜனோடு பிணைந்திருந்த அசைல் தொகுதியைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. இவ்வாறு உருவாகும் டைகீட்டோனை அமிலத்துடன் சூடாக்கினால், நீர் நீங்கி ஃபிளேவோன் கிடைக்கிறது. இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் அதே ஆண்டில் தனித்து இம்முடிவை எய்தினார். எனவே, இது பேக்கர்–வெங்கடராமன் இடமாற்ற வினை எனப்படுகிறது. அடிமைப்பட்டிருந்த நாட்டின் கல்லூரி ஒன்றில் பிறந்த ஆய்வு, உலகப் பாடநூல்களில் நிலைபெற்றது.

அந்நாளில் இந்திய நெசவாலைகள் சாயங்களுக்கு அயல்நாடுகளையே பெரிதும் நம்பியிருந்தன. 1934இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையில் சேர்ந்த வெங்கடராமன், சாய வேதியியலில் மாணவர் பலரை உருவாக்கினார். செயற்கைச் சாயங்கள் குறித்துப் பல தொகுதிகளைக் கொண்ட பெருநூலை வெளிக்கொணர்ந்தார். 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1961இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1981இல் மறைந்தார். அவர் கண்ட வழியில் இன்றும் ஃபிளேவோன்கள் உருவாக்கப்படுகின்றன.