கணக்குப் பார்த்துச் சுட்ட கார்பெட்

1885-ஆம் ஆண்டு வாக்கில் நைனிடாலில், பள்ளி மாணவர்களைக் கொண்ட தொண்டர் படையில் இருந்த பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ராணுவத் துப்பாக்கி ஒன்று இரவலாகக் கிடைத்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் அதைக் கொண்டு போகலாம், வேண்டிய தோட்டாக்களையும் எடுத்துக் கொள்ளலாம் என்று படையின் சார்ஜெண்ட் மேஜர் அனுமதித்தார். நிபந்தனைகள் இரண்டு. துப்பாக்கியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சுட்டு முடித்த காலிக் கூடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தப் பையன்தான் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் என்ற ஜிம் கார்பெட். டில்லியிலிருந்து ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறி, காத்கோடாமில் இறங்கி நைனிடால் போய் வரும் நம்மவர்கள் அனைவரும் அந்தப் பெயரைப் பெயர்ப் பலகைகளில் பார்த்திருப்பார்கள். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்பது எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் ரயில்வேக்காக உழைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தோட்டா விஷயத்தில் அவர் எவ்வளவு பெரிய கருமி என்பதும் தெரியாது.

கார்பெட் 1875 ஜூலை 25-ஆம் தேதி நைனிடாலில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிறையுமுன்பே தகப்பனார் 1881-இல் காலமாகிவிட்டார். தாயார் சிக்கனமாகக் குடும்பத்தை நடத்தினார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாடுங்கி என்று வாழ்க்கை நடந்தது. வெள்ளைக்காரக் குடும்பந்தான், ஆனால் சீமையிலிருந்து கப்பலேறி வந்து பெரிய பதவியில் உட்கார்ந்த துரைகளின் வரிசையில் அவர்களைச் சேர்க்க முடியாது.

எட்டு வயதில் உறவினர் ஒருவர் மூலம் ஜிம்முக்கு ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வந்து சேர்ந்தது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற வகை. முன்பு யாரோ அளவுக்கு மீறி மருந்து போட்டதில் வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் உடைந்திருந்தது. பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். ஆக, ஒரு குழல்தான் உபயோகம்.

நம் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி பார்த்தவர்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்கும். குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, கஜக்கோலால் இடிக்க வேண்டும். அதன் மேல் ஈய ரவை, அதற்கு மேல் இன்னொரு தக்கை. கடைசியாகக் குதிரைக்குக் கீழே கேப்பை மாட்ட வேண்டும். மருந்து குறைந்தால் ரவை பறவைக்குப் போய்ச் சேராது. கூடினால் குழல் சுட்டவன் முகத்திலேயே வெடிக்கும். பிளந்து கிடந்த வலது குழல் அந்தப் பையன் கண்ணெதிரே எப்போதும் இருந்த பாடம். மருந்தும் ரவையும் வாங்கக் காசு இல்லை. கிடைத்ததை வைத்துக் காலந்தள்ள வேண்டும். ஆகவே ஒரு வெடிக்கு ஒரு காட்டுக்கோழியாவது வீட்டுக்கு வர வேண்டும் என்பது கணக்கு. பக்கத்து ஊர்த் தலைவர் குன்வர் சிங் திருட்டு வேட்டையில் பெயர் பெற்றவர். காட்டில் சத்தமின்றி நடப்பதையும், கிட்டே போகும்வரை பொறுத்திருப்பதையும் அவரிடந்தான் ஜிம் கற்றுக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அந்த மார்ட்டினி ஹென்றி கைக்கு வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் எடுத்துக்கொண்ட துப்பாக்கி அது. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. அடியில் உள்ள நெம்புகோலை இறக்கித் தோட்டாவை உள்ளே வைத்து, ஏற்றிச் சுட வேண்டும். குண்டு 31 கிராம் ஈயம், சுமார் ஐந்தரை கிராம் கரிமருந்து. சுட்டவுடன் பின்னுக்கு உதைக்கிற உதையில் பெரியவர்களின் தோளே கன்றிப்போகும். கரிமருந்தின் கசடு குழலுக்குள் தங்கி ஈரத்தை இழுக்கும். அன்றே கழுவித் துடைக்காவிட்டால் துரு ஏறிவிடும். சார்ஜெண்ட் மேஜரின் முதல் நிபந்தனைக்கு இதுதான் காரணம்.

இரண்டாவது நிபந்தனைக்கு வருவோம். தோட்டா என்பது நான்கு சாமான் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டால் மூன்று போய்விடும்; கூடு மட்டும் மிஞ்சும். விலை கூடியதும் அதுவே. நல்ல கூடாக இருந்தால் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியது அடித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தி அமுக்கினால் மறுபடி தோட்டா தயார். உலகமெங்கும் பழைய ராணுவத் துப்பாக்கி வைத்திருக்கிற வேட்டைக்காரர்கள் இன்றும் செய்கிற காரியந்தான். பட்டாளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1857-க்குப் பிறகு, தோட்டா யார் கைக்குப் போகிறது என்ற பயம் சர்க்காரை விட்டதே இல்லை. 1878-இல் ஆயுதச் சட்டமும் வந்துவிட்டது. இத்தனை கொடுத்தோம், இத்தனை கூடு திரும்பியது என்று புத்தகத்தில் ஏறினால்தான் கணக்கு நேராகும். இதை எழுதுகிறவனும் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். காலிச் சாக்குக்குக் கையெழுத்து வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

அந்த மார்ட்டினியால்தான் கார்பெட் தம் முதல் சிறுத்தையைச் சுட்டார். அடிபட்ட சிறுத்தை அவர் தலைக்கு மேலாகத் தாவி, ரத்தம் தெறிக்க மறைந்தது. பத்து வயதுப் பையன் தனியாக ரத்தத் தடத்தைப் பிடித்துப் போய் அதை முடித்துவிட்டே திரும்பினான். காயம்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது என்பது அன்று முதல் அவர் நியதியாயிற்று. அது எவ்வளவு பெரிய நியதி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

படிப்பை முடித்ததும் பெங்கால் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் சேர்ந்தார். எஞ்சினுக்கு விறகு வெட்டி அனுப்பும் வேலை. அந்த வேலை முடிந்து கணக்கைத் தீர்த்தபோது கையில் மிஞ்சிய பணத்தைக் கொண்டுபோய் மேலதிகாரியிடம் ஒப்படைத்தார். பிறகு மோகாமே காட் வந்தார். கங்கையின் தென்கரையில் அகலப் பாதை, வடகரையில் மீட்டர் பாதை. இன்று ராஜேந்திரா பாலம் இருக்கிறது. அது 1959-இல் தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டும். அந்தக் காண்டிராக்டை இளைஞர் கார்பெட் எடுத்தார். தொடக்கத்தில் மூன்று மாதம் வரை ரயில்வேயிலிருந்து கூலிப் பணம் வரவில்லை. ஆட்கள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு மூட்டை சுமந்தார்கள். கார்பெட்டும் ஒரு வேளைதான் சாப்பிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணுடன் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். மேல்சாதிப் பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே குடிசைக்குள் உட்கார மாட்டார்கள் என்ற பிரச்னை வந்தது. சுவர்களை எடுத்துவிட்டார்கள். சுவர் இல்லாத கொட்டகை குடிசையாகாதல்லவா! எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

மோகாமே காட்டில் இருந்த காலத்திலேயே, 1907-இல், சம்பாவத் புலிக்குப் போனார். அந்தப் பெண் புலி நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றிருந்தது. கார்பெட் போவதற்குமுன் அதிகாரிகளிடம் இரண்டு கேட்டார். புலியின் தலைக்கு வைத்த பரிசை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்குச் சுட்டவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம்.

புலியை வளைக்க ஆள் திரட்டினார் சம்பாவத் தாசில்தார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கொண்டு வந்தாலும் கண்டுகொள்ள மாட்டேன், மருந்து இல்லாதவர்களுக்கு நானே தருகிறேன் என்று அவர் அறிவித்ததும் 298 பேர் வந்துவிட்டார்கள். எத்தனையோ தலைமுறையாக ஒளித்து வைத்திருந்த துப்பாக்கிகளெல்லாம் வெளியே வந்தன. கார்பெட்டின் கையிலோ மூன்றே தோட்டாக்கள். இரண்டுக்கு மேல் சுட வாய்ப்பு வராது, மூன்றாவது ஆபத்துக்கு என்பது அவர் கணக்கு. அன்று அந்தக் கணக்கு தப்பிவிட்டது. ஒரு தோட்டா வீணாயிற்று. மற்ற இரண்டும் புலி மேல் பட்டும் அது விழவில்லை. கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கினார். அதில் குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. சுட்டால் கண் போகலாம். வேறு வழியில்லை. சுமார் இருபது அடி தூரத்தில் நின்று, திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வலது முன்காலில் போய்ப் பட்டது. ஆனால் முதலில் பட்ட காயங்களே புலியை முடித்துவிட்டன.

பிறகு புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதி இல்லை. கீழ்ப்பல் எலும்பு வரை உடைந்திருந்தது. எவரோ எப்போதோ சுட்ட பழைய குண்டுக் காயம். அதனால் காட்டு மிருகங்களை வேட்டையாட முடியாமல் போய், மனிதரைப் பிடிக்க ஆரம்பித்த புலி அது. சுட்டுவிட்டு, விழவில்லை என்றதும் வீடு போய்ச் சேர்ந்த அந்த வேட்டைக்காரன் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவனுடைய ஒரு தோட்டாவின் செலவு 436 உயிர்!

இந்த வேட்டைக்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட், ரிக்பி கம்பெனியின் .275 துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார். .275 என்பது வேட்டைக்காரருக்காக வைத்த பெயர். உண்மையில் அது ஜெர்மானிய மௌசரின் 7 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவேதான். போயர் யுத்தத்தில் ஆங்கிலேயரை வாட்டிய அதே தோட்டா. குண்டின் எடை ஒன்பது கிராம்தான், மார்ட்டினி குண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தையை 1926 மே மாதத்தில் இதனால்தான் சுட்டார். இருட்டில் மாமரத்தின் மேல் காத்திருந்து, கீழே கட்டிய ஆட்டின் மணி ஒலித்ததும் டார்ச்சை அழுத்தினார். ஒரே குண்டு. டார்ச் உடனே அணைந்துவிட்டது. குண்டு பட்டதா என்று அறிய விடியும்வரை மரத்திலேயே இருந்தார்.

கார்பெட்டைக் குற்றமே இல்லாதவராகக் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1930-இல் அவர் சுட்ட பவல்கர் புலி எவரையும் கொன்றதில்லை. பெரிய புலி என்பதே அதன் குற்றம். வைஸ்ராய் லின்லித்கோவுக்கு வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவரும் அவரே. ஆனாலும் மனம் மாறிக்கொண்டே வந்தது. காட்டிலாகா அதிகாரி சாம்பியனின் புகைப்படங்களைப் பார்த்த பின் காமிராவைத் தூக்கினார். தோட்டா ஒரு முறைதான், படம் என்றென்றும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் ராம்நகர்ப் பக்கம் அமையப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அதற்கு 1957-இல் அவர் பெயரே வைக்கப்பட்டது. புலிப் பாதுகாப்புத் திட்டமும் 1973 ஏப்ரல் 1-ஆம் தேதி அங்குதான் துவக்கப்பட்டது.

முதல் உலக யுத்தத்தில் 500 குமாவுன் ஆட்களை பிரான்சுக்கு அழைத்துப் போனார். இரண்டாவது யுத்தத்தில், எழுபதை நெருங்கிய வயதில், சிந்துவாடாவில் சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைக்கப் பழக்கினார். 1944-இல் வெளியான குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகம் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. கல்யாணம் செய்து கொள்ளவில்லை; தமக்கை மாகிதான் துணை.

சுதந்திரம் வந்ததும், 1947 நவம்பரில், இருவரும் கென்யா புறப்பட்டார்கள். போகுமுன் சில துப்பாக்கிகளைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் புதைத்தார். விற்றால் யார் கையில் சேருமோ, எதைச் சுடுமோ என்ற எண்ணம் இருந்திருக்கலாம். காலாடுங்கிக்கு அருகே தாம் விலைக்கு வாங்கி உருவாக்கிய சோட்டி ஹல்த்வானி கிராமத்து நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுவிட்டார். அதற்கான நிலவரியை மட்டும் தாம் இறக்கும்வரை தாமே கட்டி வந்தார். 1955 ஏப்ரல் 19-ஆம் தேதி கென்யாவின் நியேரியில் மாரடைப்பால் காலமானார். கல்லறையும் அங்கேதான்.

அந்த .275 ரிக்பி மட்டும் புதைபடவில்லை. அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தாரிடம் நெடுங்காலம் இருந்தது. பின்னர் அதைச் செய்த ரிக்பி கம்பெனியே வாங்கி, 2016-இல் குமாவுனுக்கு ஒரு முறை கொண்டு வந்து காட்டிவிட்டுப் போயிற்று. காலாடுங்கியில் அவர் வசித்த வீடு இப்போது அருங்காட்சியகம். ராம்நகர் ஸ்டேஷனிலிருந்து நைனிடால் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கிப் பார்க்கலாம்.