ஹேரியட் டப்மன் அம்மையார்

உபாசகர்க்கு ஆகாதென விலக்கப்பட்ட ஐந்து வாணிபங்களுள் மனிதரை விற்றலும் ஒன்று. அவ்வாணிபம் சட்டத்தின் துணையோடு நடந்த அமெரிக்க நாட்டில் அதனை எதிர்த்து நின்ற ஓர் அம்மையாரின் வரலாற்றை நம் சிறுவர் சிறுமியர் அறிதல் நன்று. கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு உழைத்த முன்னோரின் கதையைச் சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பிள்ளைகள் தம் வீட்டு முதியோரிடம் கேட்டிருப்பர். ஆதலின் இவ்வரலாறு அவர்கட்கு அயலானதன்று.

ஹேரியட் டப்மன் 1822ஆம் ஆண்டளவில் மேரிலாந்து மாநிலத்தில் அடிமைகளாயிருந்த பெற்றோர்க்குப் பிறந்தார். இளம்பருவத்தில், மற்றோர் அடிமையின்மீது மேற்பார்வையாளன் எறிந்த எடைக்கல் இவர் தலையிற் பட்டது. திடீரென நினைவிழந்து உறங்கிவிடும் நோய் அன்றுமுதல் வாழ்நாள் முழுதும் இவரை வருத்திற்று. 1849இல், இரவில் வடமீனை வழிகாட்டியாகக் கொண்டு நடந்து பிலடெல்பியா நகரை அடைந்தார்.

தாம் விடுபட்டதோடு அவர் மனம் அமையவில்லை. தப்பியோரைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டுமென 1850ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தும், சுமார் 13 முறை திரும்பச் சென்று, ஏறத்தாழ 70 பேரை மீட்டார். பலரைக் கனடா வரை அழைத்துச் சென்றார்.

அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் செய்தி அனுப்புவதில் வல்லவர். காட்டில் ஒளிந்திருப்போர் வெளிவரலாமா, பதுங்கியிருக்க வேண்டுமா என்பதைப் பக்திப் பாடல்களால் உணர்த்தினார். வழிப்போக்கர் செவிக்கு அது வெறும் பாட்டு. காத்திருந்தோர்க்கோ உயிர் காக்கும் செய்தி.

1854ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளுக்கு மறுநாள் தம் தமையன் தம்பியர் மூவர் விற்கப்படுவர் என அறிந்தார். உடனே, எழுத்தறிந்த சுதந்திரக் கறுப்பரான ஜேக்கப் ஜாக்சனுக்கு, அவருடைய வளர்ப்பு மகன் பெயரால் ஒரு கடிதம் எழுதுவித்தார். சகோதரர்கள் விழிப்புடன் பிரார்த்தித்திருக்க வேண்டும், புனிதக் கப்பல் வந்தால் ஏறிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. அம்மகனுக்கோ உடன்பிறந்தார் இல்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்த அதிகாரிகள் மயங்கினர். ஜாக்சன் ஒன்றும் விளங்காதவர்போல் அதை மறுத்துவிட்டு, செய்தியை உரியவர்க்குச் சேர்ப்பித்தார்.

சகோதரர்கள் பெற்றோரின் குடிசையருகே தீவனக் கொட்டகையில் ஒளிந்தனர். அழுகுரல் காட்டிக்கொடுத்துவிடுமென அஞ்சித் தாய்க்கு அறிவிக்கவில்லை. பண்டிகை விருந்துக்காக வழிபார்த்திருந்த அவளை இடுக்கின் வழியே கண்டு கண்ணீர் வடித்தனர். தந்தையோ உணவு கொணர்ந்தார்; ஆனால் மக்களை ஏறிட்டு நோக்கவில்லை. புறப்பட்டபோது கைக்குட்டையால் கண்களைக் கட்டிக்கொண்டு சிறிது தூரம் உடன் நடந்தார். பின்னர் விசாரித்தோரிடம், தம் மக்களைக் காணவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது.

பிள்ளைகட்கு இதனைக் கற்பிப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒட்டுத்துணிப் போர்வைகளின் தையற் கோலங்கள் தப்புவோர்க்கு வழி சொல்லின என்னும் கதை, 1999இல் வெளிவந்த ஒரு நூலாற் பரவியது. அக்காலத்துச் சான்று எதுவும் அதற்கில்லை என வரலாற்றாசிரியர் கூறுவர். மெய்யாக நிகழ்ந்தவையே போதிய அளவு உள்ளன.

உள்நாட்டுப் போரின்போது, 1863இல் கம்பாகி ஆற்றங்கரைப் படையெடுப்பில் அம்மையார் வழிகாட்ட, 700க்கு மேற்பட்டோர் விடுதலையுற்றனர். 1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது. அதனை ஒழித்த அந்நாட்டு மக்கட்கே ஜோதிராவ் புலே 1873இல் தம் அடிமைத்தனம் பற்றிய நூலைக் காணிக்கையாக்கினார். நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. அம்மையார் 1913 மார்ச் 10ஆம் நாள் காலமானார்.

பொய்யுரை தவிர்ப்பது நாம் ஏற்ற சீலங்களுள் ஒன்று. கண்ணைக் கட்டிக்கொண்ட அத்தந்தை சீலம் காத்தாரா, வழுவினாரா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் கூறும் விடையைப் பொறுமையுடன் செவிமடுங்கள்.