கூடைப்பந்தின் தந்தை நெய்ஸ்மித்

கூடைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுகிறோமே, டிரிப்ளிங்... அதை இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் கண்டுபிடிக்கவே இல்லை! சொன்னால் நம்புவீங்களா?

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861-ல் கனடா நாட்டில் அல்மான்ட் என்ற ஊர்ப் பக்கம் பிறந்தார். ஒன்பது வயதிலேயே டைபாய்டு காய்ச்சலுக்கு அப்பா, அம்மா இருவரையும் பறிகொடுத்து, தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு மரம் வெட்டப் போனார். சில வருடம் கழித்துத்தான் மறுபடியும் பள்ளிக்கூடம். திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுகிற வீட்டிலிருந்து வந்தவன் நான். பத்தாவது முடித்து ஒரு வருஷம் அப்பாகூட அந்த வேலைக்குத்தான் போனேன். அதனாலோ என்னவோ, அவர் வாழ்க்கையில் இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

பிறகு மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகம், அப்புறம் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. 1891 டிசம்பர், வெளியே பனி. உள்ளே அடங்காத மாணவர்கள் 18 பேர். இரண்டு வாரத்தில் ஒரு புது ஆட்டம் வேண்டும் என்று மேலதிகாரி கட்டளை. நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி, கால்பந்தைக் கொடுத்து, 13 விதிகள் எழுதினார். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை!

பந்தைப் பிடித்தவன் ஓடக்கூடாது, நின்ற இடத்திலிருந்தே எறியணும் என்பது ஒரு விதி. ஓடினால் இழுத்துத் தள்ளி அடிதடியாகும் என்ற பயம். ஆனால் எதிராளிகள் சூழ்ந்துகொண்டு, எறிய ஆளில்லாமல் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? பந்தைத் தரையில் உருட்டி, அல்லது தட்டிவிட்டு, தானே போய் எடுத்தான். அதுதான் டிரிப்ளிங். தன் விதியில் ஓட்டை போட்டுட்டாங்க என்று நெய்ஸ்மித் கோபப்படவில்லை, ரசித்தார். என் கணக்கில் அவர் பெரிய மனுஷன் ஆனது இந்த இடத்தில்தான். 1927-ல் ஒரு தடவைக்கு மேல் தட்டக்கூடாது என்று விதிக்குழு முடிவெடுத்தபோது, பயிற்சியாளர்கள் எதிர்த்து நின்று அதைக் கைவிட வைத்தார்கள்.

அந்தக் காலப் பந்தில் வார் கட்டியிருக்கும். வார் பட்ட பக்கம் விழுந்தால் பந்து கோணலாக எழும்பும். நம்ம கரிசல் தரை வெடிப்பில் பந்து போகிற மாதிரியேதான்! வெடிப்பில் பட்டு பந்து ஓடிப்போகாமல் இருக்க நான் கற்றுக்கொண்டது: உள்ளங்கையால் அடிக்காமல் விரல்களால் தள்ளணும், முழங்காலுக்கு மேல் எழும்ப விடக்கூடாது, இடது கைக்கும் பாதி நேரம் கொடுக்கணும். கண் பந்தில் இருக்கக்கூடாது. அது மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கூடைப்பந்துக்குப் பதக்கம். 74 வயது நெய்ஸ்மித் நேரில் போயிருந்தார். இறுதிப் போட்டி திறந்தவெளி மண் தரையில், கொட்டும் மழையில். அமெரிக்கா 19, கனடா 8. சேற்றில் பந்து எழும்பவே இல்லை, ஒருத்தராலும் டிரிப்ளிங் செய்ய முடியவில்லை. எல்லாரும் நின்ற இடத்திலிருந்தே எறிந்தார்கள், 1891-ல் அவர் எழுதிக் கொடுத்த மாதிரியே! பதக்கங்களை அவர் கையாலேயே கொடுத்தார். மூன்று வருடம் கழித்து, 1939 நவம்பரில் காலமானார்.