பவணந்தி முனிவரும் குரலின் இலக்கணமும்

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சனகாபுரத்துச் சன்மதி முனிவரின் வழி வந்தவர் என அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. மூன்றாம் குலோத்துங்க சோழனுக்கு (1178–1218) உட்பட்ட கங்க மரபினன் சீயகங்கன், தமிழிலக்கணத்தை யாவரும் உணருமாறு சுருக்கித் தருமாறு வேண்ட, முனிவர் இசைந்தார். அவன் வேண்டியவை ஐந்து இலக்கணங்கள். இன்று நம் கைக்கு எட்டியிருப்பவை எழுத்தும் சொல்லும் ஆகிய இரண்டே.

எழுத்து என்றவுடன் நமக்கு வரிவடிவமே நினைவுக்கு வரும். முனிவருக்கோ அது முதலில் ஒலி. உயிரின் முயற்சியால் உள்ளிருக்கும் காற்று உந்த எழும் அணுத்திரள், மார்பு, கழுத்து, தலை, மூக்கு ஆகிய இடங்களைப் பொருந்தி, இதழ், நா, பல், அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகின்றது என்றார். ஒலியைப் புற்கலம் எனக் கொள்ளும் நம் சமயக் கொள்கை இலக்கணத்திற்குள் அமைதியாகக் குடிபுகுந்த இடம் இது. சைவ மடங்களிலும் மாணவர் இதனை நெட்டுருச் செய்து வந்தனர் என்பதை எண்ணுகையில் வியப்பே மேலிடுகின்றது.

ஒரே இடத்தில், ஒரே முயற்சியில் பிறக்கும் எழுத்துகளும் எடுத்தும் படுத்தும் நலிந்தும் ஒலிப்பதால் தம்முள் சிறிது வேறுபடும் என்றும் அவர் கண்டார். எடுத்தல் குரலை உயர்த்துதல், படுத்தல் தாழ்த்துதல், நலிதல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பாட்டிலும், ஒருவரை விளிக்கும்போதும், பண்டங்களைக் கூவி விற்கும்போதும் எழுத்துகள் தமக்குரிய மாத்திரையைக் கடந்து நீளும் என்பதையும் குறித்தார். துறவியின் செவி அங்காடித் தெருவையும் கேட்டிருக்கின்றது!

ஏகாரத்திற்கு மட்டும் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருள் வகுத்தார். அவனே சொன்னான் என்னும் தொடர் ஏட்டில் ஒன்றுதான். ஏகாரத்தை அழுத்தினால் பிறர் சொல்லவில்லை என்று பிரிக்கும். முடிவில் குரலை உயர்த்தினால் அவனா சொன்னான் என வினாவாகும். எழுத்து மாறாத தொடரும் இசைக்கும் முறையால் பொருள் வேறுபடும் எனத் தொல்காப்பியர் முன்பே உரைத்திருந்தார். உரையாசிரியர் காட்டும் குன்றேறாமா என்பதையே கொள்வோம். குன்று ஏறா மா என நிறுத்தினால் குன்றில் ஏறாத விலங்கு. குன்றேறு ஆமா எனின் குன்றில் ஏறும் காட்டுப்பசு. நிறுத்தக்குறிகள் இல்லாத ஓலைச்சுவடிக் காலத்தில் ஆசிரியரின் குரல் பிழைத்தால் பொருளும் பிழைக்கும். பாடம் சொல்லும் முறையையும் கேட்கும் முறையையும் முனிவர் பொதுப்பாயிரத்தில் விரிவாக வகுத்தது இதனாலும் ஆகலாம் எனக் கருதத் தோன்றுகின்றது.

நன்னூலுக்குக் கிடைத்துள்ள உரைகளுள் பழைமையானதை வரைந்த மயிலைநாதரும் சமணரே. அவ்வுரையை உ. வே. சாமிநாதையர் 1918இல் அச்சேற்றினார்.