நூலகப் பணியைக் கல்வியாக்கிய அரங்கநாதனார்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, உதியன்குளங்கரையைச் சுற்றி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நூல்நிலையம் புதிய பொருளன்று. கேரளத்துச் சிற்றூர்களில் வாசகசாலை இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஆயினும், புத்தகத்தைப் பூட்டிக் காப்பவர் வேறு. அதை உரிய பிள்ளையின் கையில் சேர்ப்பவர் வேறு. பின்னவரைப் பயிற்சியாலேயே உருவாக்க வேண்டும் என்று இந்நாட்டுக்கு உணர்த்திய பெருமகனார், சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன் ஆவார்.

அன்னார் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தஞ்சை மாவட்டச் சீர்காழியில் தோன்றினார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டமும், பின்னர் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றார். திக்குவாயை முயன்று வென்று, மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். மாணவர் கூட்டத்தில் பழகிய அவருக்கு அந்தத் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களுக்குள்ளேயே பழைய வேலைக்குத் திரும்ப விழைந்தார். இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வந்த பின்னரும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்று மேலோர் ஆற்றுப்படுத்தினர். இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் அவர் பயின்றார். பல நூலகங்களைச் சென்று கண்டார். அங்கே நூலகங்கள் குழந்தைகளையும் தொழிலாளரையும் நாடிச் சென்று பணி செய்வதைக் கண்டதும் உள்ளம் மாறியது. 1925இல் தாயகம் மீண்டவர், நூலகப் பணியை விடவே இல்லை.

1928இல் சென்னை நூலகச் சங்கம் எழுந்தது. அடுத்த ஆண்டு, அச்சங்கத்தின் வாயிலாக நூலகர்க்கான பயிற்சி வகுப்பை அவர் தொடங்கினார். பின்னர்ப் பல்கலைக் கழகமே அதை ஏற்று, ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்த்தது. நூல்களைப் பொருள்வழி வகுத்தல், அட்டவணை எழுதுதல், நூல் தேர்தல், வாசகர்க்கு வழிகாட்டல் ஆகியன பாடங்களாயின.

அக்காலத்தில் பள்ளிகளில் இரு வேலைகளுக்குக் கல்வி வேண்டா என்று கருதுவோர் பலர்: ஒன்று விளையாட்டுத்திடலைப் பார்த்துக் கொள்வது, மற்றொன்று புத்தக அலமாரியைப் பார்த்துக் கொள்வது. ஹாரி பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்க்கெனப் பள்ளி தொடங்கி முதலாவதை மாற்றினார். அரங்கநாதனார் இரண்டாவதை மாற்றினார். உடலுக்கும் அறிவுக்கும் அவ்விருவரும் ஆற்றிய தொண்டு ஒன்றே.

1931இல் வெளிவந்த அன்னாரின் ஐந்து விதிகள் உலகப் புகழ் பெற்றன. நூல் பயன்படுவதற்கே உரியது; ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்ட வேண்டும்; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிட்ட வேண்டும்; வாசகரின் நேரம் வீணாகலாகாது; நூலகம் வளரும் உயிர் போன்றது என்பன அவை. 1933இல் கோலன் பகுப்பு முறையை வகுத்தார். 1942இல் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கெனத் தனி நூலே எழுதினார். 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னே அவர்தம் நெடுநாள் உழைப்பு இருந்தது.

பின்னாளில் காசியிலும் தில்லியிலும் கற்பித்து, 1962இல் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் நிறுவினார். தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு வழங்கி, துணைவியார் சாரதா அம்மையார் பெயரும் விளங்க, நூலகவியல் பேராசிரியர் பதவி அமையச் செய்தார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பயிலும் நம் பிள்ளைக்குத் தமிழ் நூல் தானாக வந்து சேராது. எடுத்துக் கொடுக்கும் கை வேண்டும். இவ்வாண்டு நம் இளைஞருள் ஒருவரேனும் நூலகவியல் பயிலப் புகுவாராயின், அதுவே அரங்கநாதனார்க்கு நாம் செலுத்தும் உண்மை வணக்கமாகும்.