குருநாகலில் தங்கிச் சென்ற எட்வர்ட் கார்ப்பென்டர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து எமது ஆசிரிய பீடத்துக்குப் பெயரிடப்படாத கடிதமொன்று வந்து சேர்ந்தது. எழுதியவர் ஐம்பது வயதைக் கடந்தவர், மணமானவர், பேரப்பிள்ளை கண்டவர். இளமை முதலே தமது மனம் ஆண்களையே நாடி வந்திருப்பதாகவும், அதனை எவரிடமும் சொன்னதில்லை எனவும் குறிப்பிட்டிருந்தார். இவ்வளவு வயதான பின்னர் உண்மையைச் சொல்லிவிட்டு, மதிப்போடு வாழ்ந்து முடித்த மனிதர் எவரேனும் உண்டா என்பதே அவரது கேள்வி. பதில் முகவரி இருக்கவில்லை. நாம் அக்கடிதத்தைப் பிரசுரிக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டோம். முகவரி இல்லாமை ஒரு காரணம். எமது தயக்கம் மற்றொரு காரணம் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் தேடிய மனிதர் எமது வடமேல் மாகாணத்திலேயே சில காலம் தங்கிச் சென்றிருக்கிறார். புத்தளத்திலிருந்து நிக்கவெரட்டிய, வாரியப்பொல வழியாகச் செல்லும் வீதி குருநாகலை அடைகிறது. 1890 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் நீதிபதியாகக் கடமையாற்றிய பொன்னம்பலம் அருணாசலத்தின் இல்லத்துக்கு ஆங்கிலேயர் ஒருவர் விருந்தினராக வந்தார். அப்போது அவருக்கு வயது 46. பெயர் எட்வர்ட் கார்ப்பென்டர்.

அருணாசலத்தை எமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர் அவரே. 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரும் அவரே. அவரது தமையனார் இராமநாதன் 1888 இல் சோனகரின் இனவரலாறு பற்றி வெளியிட்ட கருத்து முஸ்லிம் மக்களிடையே ஏற்படுத்திய மனவருத்தத்தை நாம் மறந்துவிடவில்லை. தம்பியாரின் இந்த நட்பு வேறொரு கதை.

கார்ப்பென்டர் 1844 ஆகஸ்ட் 29 ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹோவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்று, அங்கேயே ஆய்வாளர் பதவி பெற்று, அங்கிலிக்கன் திருச்சபையின் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டவர். அருணாசலத்தை மாணவராக அறிந்துகொண்டதும் அங்கேதான். நல்ல பதவி, நல்ல பெயர், எதிர்காலத்தில் உயர் நிலை என எல்லாம் அமைந்திருந்த வேளையில், 1874 இல் குருத்துவத்தையும் பல்கலைக்கழக வாழ்வையும் துறந்து வெளியேறினார். வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குச் சென்று, கல்லூரி வாசலை மிதித்திராத மக்களுக்கு விரிவுரை நிகழ்த்துவதைத் தொழிலாகக் கொண்டார். தமது மனம் எத்தகையது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுக்கு எழுதிய கடிதத்தில் அதனை ஓரளவு உணர்த்தியும் இருந்தார். ஊரறியச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காலமும் அதுவன்று.

1882 இல் தந்தையார் மறைந்தபோது கிடைத்த ஏறக்குறைய 6,000 பவுண் முதுசத்தைக் கொண்டு, ஷெபீல்ட் நகருக்கு அண்மையிலுள்ள மில்தோர்ப் என்ற சிற்றூரில் காணி வாங்கி வீடு கட்டினார். மரக்கறி பயிரிட்டுச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்றார். செருப்பும் தைத்தார். அச்செருப்புக்கு ஒரு வரலாறு உண்டு. சேர் சையத் அஹ்மத் கான் நிறுவிய அலிகார் கல்லூரியில் அக்காலத்தில் கணிதம் கற்பித்த அவரது நண்பர் ஹரால்ட் கொக்ஸ் காஷ்மீரிலிருந்து அனுப்பிய செருப்பையே அவர் மாதிரியாகக் கொண்டார். காலணிக்குள் பாதத்தை அடைத்து வைப்பது அவருக்கு நாகரிகத்தின் பொய்களில் ஒன்றாகத் தோன்றியது. நாகரிகம் ஒரு நோய் என்ற கருத்தில் 1889 இல் அவர் எழுதிய நூலை மகாத்மா காந்தி தமது 1909 ஆம் ஆண்டின் ஹிந்த் சுவராஜில் எடுத்தாண்டிருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தனை துணிவு கொண்டவரும் அந்த ஒரு விடயத்தில் நாற்பது வயது கடந்தும் மௌனமாகவே இருந்தார். ஷெபீல்டில் சவரக்கத்தி தீட்டும் தொழிலாளியான ஜோர்ஜ் ஹூக்கின் என்பவர்மீது அவர் அன்பு கொண்டிருந்தார். ஹூக்கின் 1887 இல் ஒரு பெண்ணை மணந்துகொண்டார். கார்ப்பென்டர் அந்தத் துயரை வெளியே காட்டாமல் தாங்கிக்கொண்டு, அத்தம்பதியரின் நண்பராகவே தொடர்ந்தும் இருந்தார்.

இந்த நிலையில்தான் அவர் இலங்கைக்கு வந்தார். பல ஆண்டுகளுக்கு முன்னர் பகவத்கீதையின் மொழிபெயர்ப்பொன்றை அவரிடம் சேர்த்தவர் அருணாசலமே. அதனை வாசித்த மனநிலையில்தான் தமது பெருங்கவிதை நூல் உருவாகத் தொடங்கியது எனக் கார்ப்பென்டர் கருதினார். குருநாகலில் நண்பரின் நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குகளைக் கவனித்தார். சிவனொளிபாத மலை ஏறினார். கோயில் திருவிழாவில் இரவெல்லாம் நின்றார். அருணாசலத்தின் குருவான இராமசாமி என்னும் தமிழ் ஞானியிடம் பல வாரங்கள் சென்று பாடம் கேட்டார். பின்னர் இந்தியாவுக்குச் சென்று அலிகார் கல்லூரியையும் பார்த்தார். இப்பயண நூல் 1892 இல் வெளியாயிற்று. கண்டிக் கிராமத்து இளைஞரைப் பற்றி அதில் அவர் எழுதும் முறையில் வெள்ளையர் கீழைத்தேயத்தவரைப் பார்க்கும் ஒருவகைக் கனவுப் பார்வை இருப்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆளும் இனத்தவர் எவரும் அமராத திண்ணைகளில் அவர் அமர்ந்தார் என்பதும் உண்மை.

அவர் பார்த்திருந்த அந்த நீதிமன்றத்தில் நடைமுறையில் இருந்தது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 365 ஆம் பிரிவு அவரைப் போன்றோரையும் குற்றவாளியாக்கக் கூடியது. அந்த நாட்டத்தைக் குற்றமாக்கிய சட்டம் இந்நாட்டுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்தது; அச்சட்டத்தை நிர்வகித்த நீதிபதியின் வீட்டு விருந்தினரும் ஓர் ஆங்கிலேயர். 1995 ஆம் ஆண்டின் திருத்தம் 365அ பிரிவை நீக்கவில்லை. பெண்களையும் அதற்குள் அடக்கியது. அப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது நிறைவேறுவதற்கு முன்னரே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நாடு திரும்பிய 1891 ஆம் ஆண்டில், ஷெபீல்ட் அருகே புகையிரதப் பெட்டியொன்றில் ஜோர்ஜ் மெரில் என்பவரை அவர் சந்தித்தார். வறிய சேரியில் வளர்ந்தவர். கிடைத்த வேலையைச் செய்தவர். கார்ப்பென்டரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். அதற்குப் பின்னரே மௌனம் சிறிது சிறிதாகக் கலையத் தொடங்கியது.

ஐம்பது வயதை எட்டிய வேளையில், ஆணுக்கு ஆண்மீது ஏற்படும் அன்பு பற்றிச் சிறு நூலொன்றை மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகத்தில் அச்சிட்டார். விற்பனைக்கு விடாமல் அறிந்தவர்களுக்கு மட்டும் வழங்கினார். அதில் நான் என்ற சொல் வரவில்லை, பொதுவாகவே எழுதியிருந்தார். சில மாதங்களில், 1895 ஏப்ரலில், எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட் கைதாகி, மே மாதத்தில் இரண்டாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார். நாடெங்கும் அச்சம் பரவியது. கார்ப்பென்டரின் பதிப்பாளர் புதிய நூலுக்கான ஒப்பந்தத்தைக் கைவிட்டதுடன் பழைய நூலையும் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். வேறு எவராயினும் அத்தோடு வாய்மூடி இருந்திருப்பார். அவரோ மறு ஆண்டே அந்நூலைத் தொழிலாளர் அச்சகத்தின் மூலம் வெளியிட்டார்.

1898 பெப்ரவரியில், 53 ஆவது வயதில், மெரிலைத் தமது வீட்டுக்கே அழைத்துவந்தார். வேண்டாம் என நண்பர்கள் கடிதம் எழுதினர். அவர் கேட்கவில்லை. அதன் பின்னர் மில்தோர்ப் வீட்டுக்குச் செல்லும் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மெரில் சமைத்தார், வீட்டைப் பேணினார், விருந்தினரை வரவேற்றார். மெரில் நூல் எதுவும் எழுதவில்லை. அந்த வாழ்வை அவர் பக்கத்திலிருந்து சொல்ல எவரும் இல்லாமற் போனது ஒரு குறையே.

1902 இல் நட்பைப் பற்றிய தொகுப்பு நூலொன்றை அவர் வெளியிட்டபோது பாரசீகக் கவிஞர்களான ரூமி, சஅதி, ஹாபிஸ் ஆகியோரையும் அதில் சேர்த்தார். சூபி ஞானிகள் இறைவன்மீது கொண்ட காதலை அவர் தமது கண்ணால் வாசித்தார் என்றே கூற வேண்டும். அவ்வாசிப்பை முஸ்லிம் அறிஞர் எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. 1908 இல் இவ்விடயம் பற்றிய முழு நூலை வெளியிட்டார். மறு ஆண்டில் ஓபிரையன் என்பவர் அவரை இழிவுபடுத்தித் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு விநியோகித்தார். வழக்கு எதுவும் வரவில்லை. 1913 இல் அவ்வீட்டுக்கு வந்துசென்ற நாவலாசிரியர் ஈ.எம். போர்ஸ்டர் அதன் தூண்டுதலால் ஒரு நாவல் எழுதினார். ஆனால் தாம் உயிரோடிருக்கும்வரை அதனை வெளியிட அவருக்குத் துணிவு வரவில்லை. அது 1971 இலேயே அச்சேறியது. கார்ப்பென்டரோ 1916 இல், எழுபது வயது கடந்த நிலையில், சுயசரிதையில் மெரிலோடு வாழும் வாழ்வைத் தம் பெயரிலேயே எழுதினார். ஆக, அவர் ஒரே நாளில் எழுந்து நின்று உரத்துச் சொன்னவர் அல்லர். சொல்லி முடிக்க அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

கடிதம் எழுதிய அன்பருக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார்ப்பென்டரின் வாழ்வை அப்படியே பெயர்த்தெடுத்துக் கற்பிட்டியிலோ உடப்பிலோ முந்தலிலோ வைத்துவிட முடியாது. அவருக்கு முதுசம் இருந்தது. சொந்த வீடு இருந்தது. அவர் மணம் முடித்திருக்கவில்லை. தமது இயல்பை மறைப்பதற்காக ஒரு பெண்ணின் வாழ்வைத் திரையாக்கிக்கொள்ளவும் இல்லை. எமது கரையோரத்திலோ சைவரானாலும் முஸ்லிம்களானாலும் கத்தோலிக்கரானாலும் உரிய வயதில் பெற்றோர் மணம் பேசிவிடுவர். மறுப்பதற்குக் காரணம் சொல்ல இயலாதவன் தலைகுனிந்து சம்மதிப்பான். காரணம் அறியாமலே அந்த வீட்டில் காலமெல்லாம் தன்னிடம்தான் குறை எனக் கருதி வாழ்பவள் அவன் மனைவி. மார்க்கத் தீர்ப்புகளை மாற்றுவது பத்திரிகையின் பணியன்று; அவற்றைக் கூறுவதற்கு உரியவர்கள் உளர். ஆனால் அந்த மனைவியின் கணக்கு எந்த மார்க்கத்திலும் கேட்கப்படாத கணக்காக இருக்க முடியாது. அக்கடிதத்திலும் மனைவியைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதை நாம் இங்கு வெளியிடப் போவதில்லை.

அருணாசலம் சைவப்பற்று மிக்கவர், குடும்பஸ்தர், அரச சேவையில் உயர்ந்தவர். இத்தகைய நண்பரால் தமது பெயருக்கு இழுக்கு வரும் என அவர் அஞ்சியிருக்கலாம். கேம்பிரிட்ஜில் தொடங்கிய அந்த உறவை 1895 ஆம் ஆண்டின் அச்சமோ 1908 இன் நூலோ அறுக்கவில்லை. 1924 ஜனவரி 9 ஆம் திகதி அருணாசலம் மதுரையில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டில் கார்ப்பென்டருக்கு எண்பது வயது நிறைந்தபோது பிரித்தானியாவின் முதலாவது தொழிற்கட்சி அரசின் அமைச்சரவையினர் அனைவரும் கையொப்பமிட்டு வாழ்த்து அனுப்பினர். முதியவர் அதன் பின்னர் செய்த வேலைகளுள் ஒன்று, ஞானம் பற்றி அருணாசலம் எழுதிய கடிதங்களைத் தொகுத்தது. அத்தொகுப்பு 1927 இல் வெளிவந்தது.

1922 இல் கார்ப்பென்டரும் மெரிலும் தென் இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகருக்குக் குடிபெயர்ந்திருந்தனர். 1928 ஜனவரியில் மெரில் இறந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் கார்ப்பென்டர் பக்கவாதத்தால் தாக்குண்டார். 1929 ஜூன் 28 ஆம் திகதி, 84 ஆவது வயதில் மறைந்தார். கில்ட்போர்ட் மயானத்தில் மெரிலை அடக்கம் செய்த அதே குழியில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.